எண்பதுக்கு மேலே

காலத்துக்கு விலையே கிடையாது என்று சொல்கிறவர்கள் மின்சாரக் காருக்கு சார்ஜ் ஏற்றும் இடத்துக்கு ஒருநாளும் போனதில்லை என்று அர்த்தம். அங்கே பலகையிலேயே எழுதிப் போட்டிருக்கிறார்கள்: நிமிடத்துக்கு ஐந்து. வரி தனி.

அந்தப் பலகையின் முன்னால் என் அண்ணன் நின்ற நேரத்தையெல்லாம் சேர்த்தால் அதற்குள் ஒரு வீட்டுக்கு முழுக்கக் குழாய் மாட்டி, தண்ணீரும் திறந்துவிட்டிருக்கலாம். குழாய் என்று சொல்லக் காரணம், எங்களுக்குக் குழாய் வியாபாரம். பைப், வளைவு, வால்வு, வாஷர், வாஷ்பேசின். மொத்தமும் உண்டு, சில்லறையும் உண்டு. கடைத்தெருவில் அண்ணனுக்குப் பாதிவிலை என்று பெயர். யார் என்ன விலை சொன்னாலும் அதில் பாதியிலிருந்துதான் அவர் பேச்சைத் தொடங்குவார். ஒருமுறை டாக்டர் ஆறு நாளைக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தபோது, "மூணு நாள்ல முடிச்சுக்க முடியாதா டாக்டர்?" என்று கேட்டவர்.

அவருடைய பேரத்தில் எனக்கும் ஒரு வேலை உண்டு. நான் எழுந்து போகிறவன். அண்ணன் உட்கார்ந்து பேசுவார். நான் பக்கத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பேன். பேச்சு ஓர் இடத்தில் முட்டி நிற்கும்போது அண்ணன் வலது காதைச் சொறிவார். உடனே நான் எழுந்து, "வாங்கண்ணே, போகலாம்" என்று சொல்லிவிட்டு வாசலை நோக்கி நடக்க வேண்டும். நடையில்தான் தொழிலே இருக்கிறது. வேகமாகப் போனால் தொலைந்தான் என்று கடைக்காரர் விட்டுவிடுவார். மெதுவாகப் போனால் நடிக்கிறான் என்று தெரிந்துவிடும். வாசலுக்கு நாலு அடி இருக்கும்போது பின்னாலிருந்து "நில்லுங்க" என்று குரல் வர வேண்டும். வராவிட்டால் என் ஷூ லேஸ் அவிழ்ந்துவிட வேண்டும். எத்தனையோ கடை வாசல்களில் குனிந்து குனிந்து என் இடுப்பு பிடித்துக்கொண்டது. அதைச் சரிசெய்தது அண்ணிதான்.

அண்ணி பிசியோதெரபிஸ்ட். பக்கவாதம் வந்தவர்களின் கையைத் தூக்கவைப்பார். இடுப்பு எலும்பை மாற்றிக்கொண்டவர்களைச் சுவரைப் பிடித்து நடக்கவைப்பார். பிள்ளைகள் பிறந்தபோது வேலையை விட்டவர், அவர்கள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் மறுபடி தேடினார். ஒரு கிளினிக்கில் கிடைத்தது. நோயாளிகளின் வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுக்கிற வேலை. கிளினிக் நடத்துகிற டாக்டரம்மா இரண்டே நிபந்தனைதான் சொன்னார். சொந்தமாக வண்டி வேண்டும். நேரத்துக்குப் போக வேண்டும். "நோயாளிங்க வலியைக்கூடப் பொறுத்துக்குவாங்க, காத்திருக்கிறதைப் பொறுத்துக்க மாட்டாங்க. மூணு மாசம் பார்க்கறேன். சரியா இருந்தா நிரந்தரம்."

அன்று சாப்பாட்டு மேசையில் அண்ணி விஷயத்தைத் தெளிவாக வைத்தார்.

"ஒரு நாளைக்கு நாலு வீடு. சுத்து வழியில போனாலும் ஐம்பது கிலோமீட்டரைத் தாண்டாது. மின்சார வண்டியில சின்னதா ஒண்ணு போதும். நம்ம கார் நிறுத்துற இடத்துச் சுவத்துல சார்ஜர் பெட்டி ஒண்ணை மாட்டிட்டா, படுக்கப் போகும்போது சொருகிடலாம். காலையில தயாரா இருக்கும். போன் மாதிரி."

"சின்னது எவ்வளவு தூரம் ஓடும்?" என்றார் அண்ணன்.

"ஒரு தடவை ஏத்தினா இருநூத்தி ஐம்பது."

"பெருசு?"

"ஐநூறு."

"அப்போ பெருசுதான்."

"ஐநூறு கிலோமீட்டர் நாம எங்கங்க போறோம்?"

"போனா?"

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நாம அதிகமாப் போனது உங்க சித்தப்பா வீட்டுக்கு. அறுபது கிலோமீட்டர். அதுவும் அவர் தவறினப்போ. மத்தியானம் கடை திறக்கணும்னு எடுத்த உடனே திரும்பிட்டோம்."

"அதான் சொல்றேன். அவருக்கு இன்னும் ரெண்டு தம்பிங்க இருக்காங்க."

உண்மையில் தூரம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. எந்த வண்டியில் எவ்வளவு குறைப்பான் என்பதுதான் கணக்கு. சின்ன விலையில் சின்னத் தள்ளுபடி, பெரிய விலையில் பெரிய தள்ளுபடி. அந்தக் கணக்குப்படி பார்த்தால் அவர் அன்று கப்பல் வாங்காமல் விட்டதே அண்ணி செய்த புண்ணியம்.

ஷோரூமுக்கு மூன்று பேரும் போனோம். எல்லாப் பக்கமும் கண்ணாடி. தரை அவ்வளவு பளபளப்பு, கார்கள் குளத்தில் மிதப்பதுபோல இருந்தன. எங்களைக் கவனிக்க வந்தது நாற்பது வயதுள்ள ஒரு பெண்மணி. அண்ணன் பெரிய வண்டி ஒன்றின் கதவைத் தட்டிப் பார்த்து, விலை கேட்டு, அதில் பாதியைச் சொன்னார். சாதாரணமாக இந்த இடத்தில் எதிராளி சிரிப்பார், அல்லது நெஞ்சில் கை வைப்பார். இந்த அம்மா இரண்டும் செய்யாமல், "உட்காருங்க சார், காபி சொல்றேன்" என்றார். நான் என் ஷூ லேஸை ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

ஒரு மணி நேரம் பேச்சு நடந்தது. அண்ணன் டயரின் குறையைச் சொன்னார், நிறத்தின் குறையைச் சொன்னார், போன வருடத்து மாடல் என்றார், அது ஓடும்போது சத்தமே வராததையும் ஒரு குறையாகச் சொன்னார். அந்த அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார், விலையில் மட்டும் அசையவில்லை. அண்ணன் காதைச் சொறிந்தார்.

"வாங்கண்ணே, போகலாம்" என்று எழுந்து நடந்தேன். வாசலுக்கு நாலு அடி. குரல் வந்தது.

"தம்பி சார், அந்தக் கதவை இழுத்துத் திறக்கணும். தள்ளினா வராது."

குனிந்து லேஸைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

"எங்கப்பாவுக்குப் பழைய இரும்பு வியாபாரம்" என்றார் அந்த அம்மா, என்னைப் பார்த்து ஒரு பரிவோடு. "எங்க வீட்டுல எழுந்து போறது நான்தான்."

பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார். "சார், உங்களுக்காக ஒண்ணு செய்யறேன். சுவர்ல மாட்டுற பெட்டி, வயர், மாட்டுற கூலி, எல்லாத்தையும் விலையிலேர்ந்து எடுத்துடறேன். வெளிச் சுவத்துக்கு வயர் இழுக்கற செலவே பெருசு, அவ்வளவும் உங்களுக்குத் தள்ளுபடி. அதுக்குப் பதிலா ஒரு கார்டு தர்றேன். ஒரு வருஷத்துக்கு எங்க சார்ஜிங் நிலையத்துல மின்சாரம் இலவசம்."

இலவசம் என்ற சொல்லைக் கேட்டதும் அண்ணனின் முகத்தில் ஒரு சாந்தம் வந்தது. தொட்டில் குழந்தைக்கு வருமே, அது.

"வேண்டாங்க" என்றார் அண்ணி. "நமக்கு வீட்டுலயே ஏத்துற மாதிரி..."

"வீட்டுல சாப்பிட்டா அரிசி நம்மது. வெளியில சாப்பிட்டா அரிசி அவங்களுது. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"நிபந்தனையெல்லாம் பின்னால சின்ன எழுத்துல இருக்கு, படிச்சுப் பார்த்துக்கங்க" என்று அந்த அம்மா நேர்மையாகவே சொன்னார். மற்றவர்களின் பில்லில் கமா எங்கே இருக்கிறது என்றுகூடப் பார்க்கிற அண்ணன், அந்தக் கார்டைத் திருப்பாமல் பையில் போட்டார். இலவசத்துக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று எங்கள் வம்சத்தில் யாரும் படித்ததில்லை.

வண்டி வந்தது. பெரிய வண்டி. அதை எங்கள் வீட்டு வாசலில் திருப்புவதற்கு அண்ணி முன்னும் பின்னுமாக ஐந்து தடவை போய் வர வேண்டியிருந்தது. டிக்கியில் ஒரு பை. அதில் சாதாரண ப்ளக் பாயிண்ட்டில் சொருகி மெதுவாக சார்ஜ் ஏற்றுகிற கேபிள் ஒன்று இருந்தது. அடுத்த நாள் அண்ணி அதை எடுக்கப் போவதற்குள் அண்ணன் அதை டைல்ஸ் கடைக்காரருக்கு விற்றிருந்தார். அவரிடமும் இதே கம்பெனி வண்டி. கேபிளைத் தொலைத்துவிட்டுத் தவித்துக்கொண்டிருந்தார்.

"இலவசமா சார்ஜ் கிடைக்கும்போது இந்தக் கயிறு எதுக்கு?" என்றார் அண்ணன். "பார்த்தியா, வண்டி வந்த ரெண்டாவது நாளே சம்பாதிச்சுக் கொடுத்துடுச்சு."

அண்ணி காலிப் பையை மடித்து டிக்கியில் போட்டார். பிறகு உள்ளே போய்விட்டார்.

சார்ஜிங் நிலையம் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட ஓட்டம், சூப்பர்மார்க்கெட்டுக்குப் பின்னால். இரண்டு மிஷின்கள். ஒன்றுக்கு எப்போதும் தார்ப்பாய் போர்த்தியிருக்கும். முதல் தடவை அண்ணன் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பேரத்துக்கு இடமிருந்தால் கையில் ஆள் வேண்டுமே. கார்டைக் காட்டி, ப்ளக்கைச் சொருகியதும் திரையில் எண்கள் குடுகுடுவென்று ஓடின. முப்பது, ஐம்பது, எழுபது. அண்ணன் மீட்டரைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தார். எண்பது வந்ததும் எண்கள் படுத்துக்கொண்டன.

"ஏண்டா, இப்போ மட்டும் சொட்டுச் சொட்டா விடுது?"

பலகையைப் படித்துச் சொன்னேன். "எண்பதுக்கு மேலே பேட்டரிக்கு நல்லதில்லைன்னு மிஷினே குறைச்சுக்குமாம். அதனால எண்பது ஆனதும் கழட்டிட்டு அடுத்தவங்களுக்கு இடம் விடணுமாம். விடலைன்னா நிமிஷத்துக்கு ஐந்து. மின்சாரம்தான் இலவசம், இடம் இலவசம் இல்லை."

அண்ணன் சிரித்தார். எதிராளியின் தந்திரம் புரிந்துவிட்டால் அவர் அப்படித்தான் சிரிப்பார். "எண்ணெய்க்காரன் முதல்ல கொழகொழன்னு ஊத்திட்டு, கடைசியில நுரையைக் காட்டி நிறுத்துவானே, அதே வேலை. நாம சலிச்சுப் போய்க் கிளம்பிடுவோம்னு பார்க்கறான். குறை அளவு வாங்கிட்டு எழுந்து போன பரம்பரையாடா நாம?"

"நான் தினமும் எழுந்துதானே அண்ணே போறேன்."

"அது வேற."

நூறு ஆகும்வரை நின்றோம். இலவச மின்சாரத்துக்காகக் கட்ட வேண்டியதைக் கட்டிவிட்டு, போரில் வென்றவர்களைப்போல வீடு திரும்பினோம். வழியில் நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். "இப்போ கட்டின காசுக்கு வீட்டுலயே ரெண்டு தடவை ஏத்தியிருக்கலாம் அண்ணே."

"வீட்டுல ஏத்தினா அது செலவு. இது அபராதம். அபராதத்தைப் பேசிக் குறைக்கலாம்."

பேசினார். வாடிக்கையாளர் சேவை எண்ணுக்கு ஒரு மத்தியானம் முழுக்கப் பேசினார். முதலில் ஒரு பதிவுக் குரல் ஒன்றை அழுத்துங்கள், இரண்டை அழுத்துங்கள் என்று அலைக்கழித்தது. அண்ணன் அதனிடமே "மொத்தமா என்ன கொடுத்தா முடிச்சுக்குவே?" என்று கேட்டார். கடைசியில் உயிருள்ள ஒரு பெண் கிடைத்தார்.

"சார், அது கம்ப்யூட்டர் போடுற தொகை."

"கம்ப்யூட்டருக்கு மேல யாரு?"

"சார்?"

"முதலாளின்னு ஒருத்தர் இருப்பாருல்லம்மா. அவர்கிட்ட கொடுங்க, நான் பேசிக்கறேன்."

"அப்படி ஒருத்தர் இருக்காரான்னு எங்களுக்கே தெரியாது சார்."

அந்தப் பெண்ணின் குரலில் ஒரு துக்கம் இருந்தது. அண்ணன் அவருக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

அடுத்த தடவை அவர் வேறு வழி பார்த்தார். எண்பத்தைந்தில் மிஷின் சொட்டிக்கொண்டிருந்தபோது காதைச் சொறிந்தார். எனக்குப் புரியவில்லை. மறுபடி சொறிந்தார்.

"மிஷின்கிட்டயா அண்ணே?"

"கேமரா இருக்குல்ல. எங்கேயோ ஒருத்தன் பார்த்துட்டுத்தானே இருப்பான்."

உத்தியோகம் உத்தியோகம்தான். ப்ளக்கைக் கழற்றித் தொங்கவிட்டு, "வாங்கண்ணே, போகலாம்" என்று நாலு அடி நடந்தேன். பின்னால் கிணுங் என்று சத்தம். திரும்பிப் பார்த்தால் திரையில் பெரிய எழுத்தில்: 'தங்கள் வருகைக்கு நன்றி. பயணம் இனிதாகட்டும்.' எழுந்து போனவனை இப்படி வாயார வாழ்த்தி வழியனுப்பின கடைக்காரரை நான் பார்த்ததே இல்லை. மறுபடி சொருகப் போனால், எங்களுக்குப் பின்னால் காத்திருந்த டாக்சி முன்னால் வந்துவிட்டிருந்தது. நாங்கள் அதற்குப் பின்னால் நின்றோம்.

அந்த டாக்சிக்காரருக்கு மீசை பெரிது. அண்ணன் அவரை மீசை என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார். மீசை தினமும் வருவார்; எழுபது, எழுபத்தைந்து வந்ததும் கழற்றிக்கொண்டு போய்விடுவார்.

"ஏன் மீசை, பாதிச் சாப்பாட்டுல எழுந்துக்கறீங்க?"

"பசி அடங்கினா போதும் முதலாளி. இலையை நக்கிட்டு இருந்தா அடுத்த பந்தி எங்கே உட்காரும்?"

"விவரமில்லாத ஆளு" என்று என் காதில் சொன்னார் அண்ணன்.

இதெல்லாம் எங்களுக்குப் பொழுதுபோக்கு. அண்ணிக்கு அப்படி இல்லை. வண்டி யாருக்காக வாங்கியதோ அவர் வாசலில் நிற்பார். வண்டி சூப்பர்மார்க்கெட்டுக்குப் பின்னால் நிற்கும். முதல் மாதத்தில் ஒருநாள் காத்திருந்து தாமதமாகப் போனார். இரண்டாவது மாதத்தில் இன்னொரு நாள். அன்று இடுப்பு ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு பெரியவர் அண்ணி வருவார் என்று அரை மணி நேரம் நின்றுகொண்டே இருந்திருக்கிறார். உட்கார்ந்தால் எழ முடியாது என்று பயம். டாக்டரம்மா அண்ணியைக் கூப்பிட்டு, குரலை உயர்த்தாமல், "இன்னொரு தடவை இப்படி நடந்தா நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார்.

மூன்று மாதம் முடிகிற வாரம். அண்ணி தட்டை நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார்.

"வியாழக்கிழமை எட்டரைக்கு ஒரு ரிட்டயர்டு ஹெட்மிஸ்ட்ரஸ் வீடு. டாக்டரம்மாவும் அங்கே வர்றாங்க. நான் வேலை செய்யறதைப் பார்த்துட்டு அங்கேயே முடிவு சொல்லப் போறாங்க. ஏழே முக்காலுக்கு வண்டி வாசல்ல இருக்கணும். ஏழே முக்கால். வேற எதுவும் எனக்கு வேண்டாம்."

அண்ணனுக்கு நிஜமாகவே நெஞ்சு இளகிவிட்டது. "அன்னிக்கு உனக்கு வண்டியில நூறு இருக்கணும்" என்றார்.

"இருபது இருந்தா போதும். அந்த வீடு பதினோரு கிலோமீட்டர்."

"பரீட்சைக்குப் போற பொண்டாட்டியை முக்கால் வயித்தோட அனுப்புற புருஷன் இல்லை நான்."

வியாழக்கிழமை விடிந்ததும் என்னை உலுக்கி எழுப்பினார். வண்டியில் ஐம்பது இருந்தது. பதினோரு கிலோமீட்டருக்கு ஐம்பது. நான் சொல்லிப் பார்த்தேன். "குறை அளவு" என்றார். போனால் காய்கறி வேன் ஒன்று சொருகிக்கொண்டு நின்றது. அது கிளம்பி நாங்கள் சொருக ஏழே கால் ஆகிவிட்டது. பின்னால் மீசை வந்து வரிசையில் நின்றார். ஏழே முக்காலுக்கு எண்பத்திரண்டு. எண்கள் படுத்துவிட்டன. அண்ணனின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"எங்கே இருக்கீங்க?"

"இதோ முடிஞ்சிடும். எண்பத்திரண்டு."

"கழட்டிட்டு வாங்க."

"இன்னும் பதினெட்டு பாக்கி இருக்கே."

"அதை யாருக்குக் கொடுக்கப் போறீங்க? கழட்டுங்க."

"பத்தே நிமிஷம்."

அண்ணி அவரிடம் கேட்பதை விட்டுவிட்டார். பிறகு, "தம்பி பக்கத்துல இருக்காரா? தம்பி, பத்து நிமிஷத்துல வந்துடுவாரா?"

திரையைப் பார்த்தேன். நூறு ஆக ஐம்பத்தைந்து நிமிடம் என்று இருந்தது. அண்ணன் என்னைப் பார்த்தார். அவர் கண்ணைப் பார்த்துப் பேசுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஆனால் கேட்டது அண்ணி. என் இடுப்பை நிமிர்த்தியவர்.

"தெரியலை அண்ணி" என்றேன். எங்கள் தொழிலில் 'இல்லை' என்பதற்கு இதைவிட அழுத்தமான வார்த்தை கிடையாது.

"சரி" என்று போனை வைத்துவிட்டார்.

"பார்த்தியா, சரின்னுட்டா" என்றார் அண்ணன்.

கொஞ்ச நேரத்தில் பின்னால் மீசையின் போன் கிணுங்கியது. வண்டியைக் கிளப்பி வரிசையிலிருந்து வெளியே எடுத்தார்.

"என்ன மீசை, இவ்வளவு நேரம் நின்னுட்டு இப்போ போறீங்க?"

"பக்கத்துலயே சவாரி வந்திருக்கு முதலாளி."

"வண்டியில எவ்வளவு இருக்கு?"

"முப்பத்தஞ்சு."

"முப்பத்தஞ்சை வெச்சுக்கிட்டா சவாரிக்குப் போறீங்க?"

"பதினோரு கிலோமீட்டருக்கு முப்பத்தஞ்சு பத்தாதா?"

போய்விட்டார். பதினோரு கிலோமீட்டர் என்றதும் எனக்கு என்னவோ உறுத்தியது. அண்ணனுக்கு உறுத்தவில்லை. "பாவம், அரைவயித்துப் பிழைப்பு" என்று மீசைக்காக இரக்கப்பட்டார். எட்டு மணிக்கு அண்ணிக்குப் போன் போட்டார், "எண்பத்தெட்டு" என்று நல்ல செய்தி சொல்ல. எடுக்கவில்லை. தொண்ணூறில் ஒருமுறை போட்டார். எடுக்கவில்லை. கைக்குட்டையால் முன்கண்ணாடியைத் துடைத்தார். தொண்ணூற்றைந்தில் கண்ணாடியில் துடைக்க இடமில்லை. ப்ளக்கில் கை வைத்தார், எடுத்தார். "இவ்வளவு நேரம் நின்னாச்சு" என்று எனக்கும் அவருக்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்டார்.

தொண்ணூற்றேழில் மீசை திரும்பி வந்து எங்களுக்குப் பின்னால் நிறுத்தினார்.

"இன்னுமா முதலாளி?"

"மூணுதான் பாக்கி."

"உங்க வீட்டு அம்மாவை இறக்கிவிட்டுட்டுத்தான் வர்றேன். எட்டேகாலுக்கே கொண்டுபோய் விட்டுட்டேன்."

அண்ணன் துடைப்பதை நிறுத்தினார்.

"எங்க வீட்டு அம்மான்னு எப்படித் தெரியும்?"

"வழியெல்லாம் உங்க வண்டியைப் பத்தித்தானே பேச்சு."

"என்ன சொன்னா?"

"ரொம்ப உசத்தியான வண்டியாம். ஐநூறு கிலோமீட்டர் ஓடுமாம். பதினோரு கிலோமீட்டர்தான் ஓடாதாம்."

அண்ணன் பையில் கை விட்டார். "சவாரிக்கு எவ்வளவு ஆச்சு?"

"அம்மாவே கொடுத்துட்டாங்க முதலாளி. கேட்டதைக் கொடுத்தாங்க. பேரமே பேசலை."

அதுவரை தாங்கிக்கொண்டிருந்தவர் அதில்தான் ஆடிப்போனார். சொன்ன விலையை அப்படியே கொடுக்கிற அளவுக்கு ஒருத்தி எங்கள் குடும்பத்தில் வெறுத்துப்போயிருக்கிறாள். தொண்ணூற்றெட்டில் ப்ளக்கைக் கழற்றினார். அவர் வாழ்நாளில் விட்டுக்கொடுத்த முதல் இரண்டு அது. வண்டியை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, கடைக்கு நடந்தே போனார்.

சாயங்காலம் அண்ணி வந்தார். டாக்சியில்தான். கைப்பையை மேசையில் வைத்தார்.

"வேலை நிரந்தரம்."

"எனக்குத் தெரியும்" என்றார் அண்ணன். "நான் சொல்லலை?"

"இந்த வண்டியைக் கொடுத்துடலாம். சின்னதா ஒண்ணு வாங்கலாம். சுவத்துல பெட்டி மாட்டலாம்."

அண்ணனுக்கு மூச்சு வந்தது. விலை சொல்லியாகிவிட்டது, இனி பேசலாம். "வண்டி இருக்கட்டும். பெட்டி வேணும்னா யோசிக்கலாம்."

"ரெண்டும்."

"இப்போ வித்தா நஷ்டம்."

"ரெண்டும்ங்க."

"கார்டுல இன்னும் ஒன்பது மாசம் இலவசம் கிடக்கு. சரி, உனக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம், பெட்டி மட்டும் மாட்டறேன். பாதிக்குப் பாதி."

பேச்சு முட்டி நின்றது. அண்ணி என் பக்கம் பார்க்கவே இல்லை. ஜன்னலைப் பார்த்தபடி, மெதுவாகக் கையைத் தூக்கி, வலது காதைச் சொறிந்தார்.

என் மூளை அசையுமுன் கால் எழுந்துவிட்டது. இத்தனை வருடத்துப் பழக்கம். "வாங்கண்ணி, போகலாம்" என்றேன். "ஷோரூம் இன்னும் திறந்துதான் இருக்கும்."

அண்ணி கைப்பையை எடுத்துக்கொண்டார். இருவரும் நடந்தோம். வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. இந்த வித்தை யாருடையது, யார் சொல்லிக்கொடுத்தது, இதற்கு மாற்று என்ன என்று எல்லாம் அண்ணனுக்குத் தெரியும். பேசாமல் உட்கார்ந்திருந்தாலே போதும். வாசலுக்கு நாலு அடி. குரல் வரவில்லை. எனக்கு லேஸ் அவிழ்ந்தது. குனிந்தேன். அண்ணி நிற்கவில்லை. அவர் கதவைத் திறந்து, வெளியே ஒரு காலை வைத்துவிட்டார். அப்போதுதான் எனக்கே தெரிந்தது, அண்ணி நடிக்கவில்லை.

அண்ணனுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"நில்லுங்க" என்றார். "ரெண்டும் வாங்கலாம். பேசுறது மட்டும் நான்தான்."

"பேசுங்க" என்றார் அண்ணி, வெளியே வைத்த காலை எடுக்காமல். "ஆனா எண்பதுல நிறுத்திடணும்."

இனி கணக்கு. பெரிய வண்டியில் அண்ணன் பேசி வாங்கிய தள்ளுபடி, வரவு. வண்டியைத் திருப்பிக் கொடுத்ததில் போனது, அந்தத் தள்ளுபடியைப்போல இரண்டு மடங்கு. வண்டியோடு வந்ததெல்லாம் திரும்பி வர வேண்டும் என்று ஷோரூம் அம்மா சொன்னதால், கேபிளை டைல்ஸ் கடைக்காரரிடமிருந்து மீட்க வேண்டியிருந்தது. அவர் அண்ணனிடமே தொழில் கற்றவர்; விற்ற விலையைப்போல இரட்டிப்புக் கேட்டார், வாங்கினார். சுவர்ப் பெட்டி, சொன்ன விலை. பேசும் முன்பே அண்ணி பணத்தைக் கட்டிவிட்டார். வீட்டு மின்கட்டணம் மாதத்துக்குக் கூடியது, அண்ணன் முன்பு ஒரு வாரம் நின்றே கட்டியதைவிடக் குறைவு. அண்ணியின் சம்பளம், வரவு, முழுசாக.

இவையெல்லாம் நேராகிவிட்டன. நேராகாதது ஒன்றுதான். அண்ணி வாசலில் காத்திருந்தது முதல் தடவை இருபத்திரண்டு, இரண்டாவது தடவை முப்பத்தொன்று, வியாழக்கிழமை பத்து. ஆக அறுபத்து மூன்று நிமிடம், நிமிடத்துக்கு ஐந்து. அண்ணன் பாதிக்கு முடித்துக்கொள்ளலாமா என்று கேட்டுப் பார்த்தார். அண்ணி, அது கம்ப்யூட்டர் போடுற தொகை என்று சொல்லிவிட்டார்.

பாக்கி முந்நூற்றுப் பதினைந்து. வரி தனி.